பன்னிரண்டாவது சீட்டு

கணித மன்றத்தில் அவளுக்குப் பெயர் 'பக்கத்து வீடு'. அவள் படித்தது பொருளியல்; பொருளியல் துறை இருந்தது அடுத்த கட்டடத்தில். முதல் நாள் கதவருகில் தயங்கி நின்றவளைப் பார்த்து, "யாரு, பக்கத்து வீடா? உள்ள வாங்க" என்று யாரோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அங்கே யாருமே சொந்தப் பெயரில் வாழவில்லை. எந்த வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாதவன் 'ஸ்வெட்டர்'. நிலைப்படியில் குனிந்து வருகிற இறுதியாண்டுக்காரன் 'நெட்டை'. மன்றத்தின் செயலாளர் ஆராய்ச்சி மாணவி. வயதில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் 'அக்கா'.

மன்றம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கணிதத் துறையின் இரண்டாம் மாடியில், முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறை. மூலையில் விரிசல் விட்ட கரும்பலகை, இரண்டு நீள மேசைகள், தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு மின்கெண்டி. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். வியாழக்கிழமை நாலு மணிக்குப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். அக்கா ஒரு கணக்கைப் பலகையில் எழுதுவாள். பிறகு பிஸ்கட் டின் வரும்.

அந்த டின்னுக்குள்தான் எல்லோருடைய பெயரும் சீட்டுகளாகக் கிடந்தன. போன வாரம் மாட்டியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் எழுந்துபோய், இருபது நிமிடம், எல்லோர் முன்னாலும் வாய்விட்டு யோசிக்க வேண்டும். விடை வந்தே தீரவேண்டும் என்றில்லை. திணறலாம், அழிக்கலாம், அசடு வழியலாம். இதற்குப் 'பலகை ஏறுவது' என்று பெயர். ஏறி இறங்கியதும் சீட்டு மறுபடி டின்னுக்குள் போய்விடும். யார் கெட்டிக்காரர், யார் மக்கு என்று பார்க்காமல் அதிர்ஷ்டமே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்பது மன்றம் தொடங்கியவர்கள் வைத்த விதி.

ஒவ்வொரு வியாழனும் டின் குலுங்கும்போது அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். வேறு யார் பெயராவது வந்ததும் 'அப்பாடா' என்று இருக்கும். அந்த 'அப்பாடா' அடங்கியதும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கும். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. அதைப் பற்றி அவள் நின்று யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது அக்காவேதான். ஆண்டு மலருக்காக மன்றத்தின் குறிப்பேட்டை அவளிடம் கொடுத்து, "யார் யார் எத்தனை தடவை ஏறினாங்கன்னு ஒரு பட்டியல் போட்டுக் குடும்மா" என்றாள். அவள் விடுதி அறையில் உட்கார்ந்து எண்ணினாள். அவள் சேர்ந்த பிறகு நாற்பது கூட்டங்கள். ஸ்வெட்டர் ஆறு தடவை. நெட்டை நாலு. அக்கா இரண்டு. எல்லோர் பெயருக்கு நேரேயும் கோடுகள் விழுந்தன. அவள் பெயருக்கு நேரே ஒன்றுகூட இல்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு சீட்டில் ஒரு வாரம் தப்பிப்பது பெரிய விஷயமில்லை. நாற்பது வாரமும் தப்பிப்பதற்கு வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுதான். இரண்டாவது முறை போட்டாலும் மூன்றுதான்.

அவள் அம்மா காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர். தீப்பிடித்தது, திருடு போனது என்று இழப்பீடு கேட்கிறவர்கள் வீட்டுக்கே போய், எரிந்த அலமாரியைத் தொட்டுப் பார்த்து, பூட்டை உருட்டிப் பார்த்து அறிக்கை எழுதுகிற வேலை. சந்தேகம் அந்த வீட்டில் உப்பு மாதிரி. எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும். நூற்றுக்கு மூன்று என்ற எண்ணைப் பார்த்ததும் மகளுக்கும் மூக்கில் வேர்த்துவிட்டது.

அன்றிலிருந்து பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வேறு முகம் காட்டின. டின்னைக் குலுக்குகிற நேரம் பார்த்து அக்கா ஏன் தன்னிடமே, "தண்ணி கொதிச்சிருச்சா பாரும்மா" என்கிறாள்? தான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஏதாவது சொன்னால், மற்றவர்களிடம் சண்டைக்கு நிற்கிறவள், தன்னிடம் மட்டும் ஏன் "நல்லா சொன்னே" என்று தட்டிக்கொடுத்து நகர்ந்துவிடுகிறாள்? போன மாதம் தாழ்வாரத்தில் நெட்டையும் அக்காவும் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவ பாவம், இப்ப வேண்டாம்" என்று அக்கா சொன்னது காதில் விழுந்தது. இவளைக் கண்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். யார் அந்த 'அவ'?

பக்கத்து வீட்டுக்காரியை உள்ளே உட்கார வைக்கலாம், பலகையில் ஏற்ற வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வேறென்ன?

மூன்று வியாழக்கிழமை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அக்கா மூடியைத் திறக்கிறாள். ஓர் உள்ளங்கை எப்போதும் டின்னின் வாய்க்கு மேல் குடை பிடிக்கிறது. எடுக்கிறவர் விரலை விட்டதும் மூடி விழுகிறது. உள்ளே எத்தனை சீட்டு கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் வாரம், "தண்ணி பாரும்மா" என்றபோது அவள் எழுந்திருக்கவில்லை. "ஸ்வெட்டர் பாக்கட்டும்" என்றாள். அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, "சரி, நானே பாக்கறேன்" என்று போனாள். அந்த ஒரு கணத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் தூங்காமல் கிடந்தாள்.

நான்காவது வியாழன் பொறுக்க முடியவில்லை. டின் மேசைக்கு வந்ததும் எழுந்து நின்றாள். குரல் நடுங்கக்கூடாது என்று தாளில் எழுதி வைத்துப் படித்தாள்.

"குறிப்பேட்டுல இருக்கற நாப்பது வாரத்துல என் பேரு ஒரு தடவகூட வரல. தானா இப்படி நடக்கறதுக்கு நூத்துக்கு மூணுதான் வாய்ப்பு. நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா இது தானா நடந்ததுன்னு என்னால நம்ப முடியல."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. டின்னின் மூடி மேல் வைத்த கை வைத்தபடியே இருந்தது.

நெட்டைதான் எழுந்தான். அவனுக்குக் கோபமில்லை, நல்ல கணக்கு கிடைத்த உற்சாகம். "இரு இரு. மூணுங்கறது சரிதான். ஆனா நீ கேட்டது தப்பான கேள்வி" என்று சாக்பீஸை எடுத்தான். "உனக்கு மட்டும் வராம போறதுக்கு மூணு. ஆனா இங்க இருக்கற பன்னெண்டு பேருல எவனுக்கு வராம போயிருந்தாலும் அவன் எழுந்து நின்னு இதையேதான் படிச்சிருப்பான். அதனால யாராவது ஒருத்தருக்கு வராம போறதுக்கு என்ன வாய்ப்புன்னுதான் பாக்கணும்."

பலகையில் விறுவிறுவென்று எழுதினான். ஸ்வெட்டர் நடுவில் ஒரு திருத்தம் சொன்னான். இன்னொருவர் அதைத் திருத்தினார். முக்கால் மணி நேரம் அறையே களை கட்டியது. கடைசியில் விடையைச் சுற்றி வட்டம் போட்டான் நெட்டை.

"நூத்துக்கு முப்பத்து மூணு. மூணுல ஒரு பங்கு. அதாவது, இந்த மாதிரி மூணு மன்றம் இருந்தா, ஒண்ணுல ஒரு பக்கத்து வீடு இப்படி எழுந்து நின்னு சந்தேகப்படும்."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் அவளுக்குக் காது மடல் எரிந்தது. பலகையில் இருந்த கணக்கில் ஓட்டையே இல்லை. அவள் அக்கா பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்குங்க அக்கா. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள்.

"பரவால்லம்மா" என்றாள் அக்கா. "இதுல என்ன இருக்கு." நேரமாகிவிட்டதால் அன்று சீட்டு எடுக்கவில்லை. எப்போதும் அலமாரியில் வைக்கிற டின்னை அக்கா தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். அதை அவள் பார்த்தாள். பார்த்தும், இனிச் சந்தேகப்படுவதே கேவலம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மூன்று எப்படி முப்பத்து மூன்று ஆனது என்பதுவரை விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"சரி. டின்னத் தொறந்து பாத்தீங்களா?"

"எதுக்கும்மா?"

"உன் சீட்டு உள்ள இருக்கான்னு."

அந்தப் பக்கம் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. "பன்னெண்டு பேரு. முக்கால் மணி நேரம். டின்னு மேச மேலயே இருந்துது. ஒருத்தருக்குக்கூடவா தோணல? உங்க யாரையும் நான் வேலைக்கு எடுத்துக்க மாட்டேன்டீ."

"நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டேனேம்மா. இனிப் போய்த் தொறந்தா நல்லாவா இருக்கும்?"

"அது உன் பாடு" என்றாள் அம்மா. அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

நல்லா இருக்காதுதான். ஆனாலும் மறுநாள் மதிய இடைவேளையில் கால் தானாகவே இரண்டாம் மாடிக்குப் போயிற்று. அறையில் யாருமில்லை. அலமாரியைத் திறந்தாள். டின் அதன் இடத்தில் இருந்தது. நேற்று பையில் போனது இன்று காலையிலேயே திரும்பிவிட்டதா? மூடியின் மேல் விரல் வைத்தாள். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன தேடற?" கதவருகில் அக்கா.

"சாக்பீஸ்" என்றாள் அவள்.

"அது பலகைக்குக் கீழ இருக்குமே" என்றாள் அக்கா. இரண்டு துண்டுகளை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டு இறங்கினாள். அக்கா பின்னாலேயே வரவில்லை, அறையிலேயே நின்றாள். மாடிப்படி முடிகிறவரை அவளுக்கு முதுகு கூசியது.

அடுத்த வியாழன் பலகையில் அக்கா எழுதிய கணக்கு கொஞ்சம் பழையது. 'ஓர் அறையில் இரண்டோ அதற்கு மேலோ எத்தனை பேர் இருந்தாலும், அறைக்குள் ஒரே எண்ணிக்கையில் நண்பர்களை உடைய இரண்டு பேராவது இருப்பார்கள். நிறுவுக.' நெட்டை முகத்தைச் சுளித்தான். "இதெல்லாம் ஒரு கணக்கா அக்கா" என்று முனகினான். அக்கா காதில் வாங்கவில்லை. டின்னைத் திறந்து ஸ்வெட்டரிடம் நீட்டினாள். கடைசியாகச் சீட்டு எடுத்த கூட்டத்தில் மாட்டியவன் அவன்தான்.

ஸ்வெட்டர் கண்ணை மூடி விரலை விட்டான். சீட்டைப் பிரித்தான். ஒரு நொடி அதையே பார்த்தான். பிறகு, "பக்கத்து வீடு" என்றான்.

அறை கைதட்டி மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. "பாத்தியா, சந்தேகப்பட்டியே" என்று யாரோ முதுகில் தட்டினார்கள். ஸ்வெட்டர் சீட்டை அவள் கையில் கொடுத்தான்.

காகிதம் மொடமொடவென்றிருந்தது.

அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பலகைக்குப் போனாள். என்ன சொன்னாள், எந்த வரிசையில் சொன்னாள் என்று பின்னால் அவளுக்கே நினைவில்லை. ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அறையில் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் நண்பர் எண்ணிக்கை வேறு வேறு என்று வைத்துக்கொண்டால், பூஜ்யம் முதல் பதினொன்று வரை ஒவ்வோர் எண்ணும் வந்தாக வேண்டும்; அதாவது ஒருவருக்கு ஒரு நண்பரும் இருக்கக்கூடாது, இன்னொருவருக்கு அறையில் மற்ற எல்லோரும் நண்பராக இருக்க வேண்டும். "எல்லாரையும் நண்பரா வெச்சிருக்கறவருக்கு, யாருமே நண்பர் இல்லாத அந்த ஆளும் நண்பர்தானே. அப்ப அந்த ஆளுக்கு ஒரு நண்பர் வந்துடறாரு. ரெண்டு பேரும் ஒரே அறையில இருக்க முடியாது" என்று சொல்லிச் சாக்பீஸைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. நாற்பது வாரம் பயந்த விஷயம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துபோனதில் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சட்டைப் பையில் அந்தக் காகிதம் குத்திக்கொண்டே இருந்தது.

எல்லோரும் போகிறவரை தம்ளர்களை அடுக்குகிற பாவனையில் நின்றாள். அக்கா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். இவள் டின்னை எடுத்து, யாரிடமும் கேட்காமல், மேசை மேல் கவிழ்த்தாள்.

பதினொரு சீட்டுகள். எல்லாம் ஒன்றரை வருடம் கைபட்டுக் கைபட்டுத் துணி மாதிரி ஆகியிருந்தன. மடிப்பு நைந்து, மை மங்கி, ஓரமெல்லாம் அழுக்கு. பக்கத்தில் தன் சீட்டை வைத்தாள். வெள்ளை வெளேரென்று, கட்டம் போட்ட தாள். அந்த மாதம்தான் துறையில் ஆராய்ச்சி மாணவர்களுக்கெல்லாம் கட்டம் போட்ட புது நோட்டு கொடுத்திருந்தார்கள்; அக்கா அதில்தான் இப்போதும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எப்ப எழுதினீங்க?" என்று கேட்டாள்.

அக்கா பேனாவை மூடினாள். மறுக்கவில்லை. "போன வியாழன். வீட்டுக்குப் போய் டின்னத் தொறந்து பாத்தேன். பதினொண்ணுதான் இருந்துது."

"எடுத்தது யாரு?"

"யாரும் எடுக்கல. போடவே இல்ல." அக்கா சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ சேந்தது மத்தவங்களுக்கு ரெண்டு வாரம் கழிச்சு. எல்லாருக்கும் முன்னாடியே எழுதிப் போட்டுட்டேன். உனக்கு அப்புறம் எழுதலாம்னு இருந்தேன், மறந்துட்டேன். சத்தியமா அவ்வளவுதான்."

"அன்னிக்கு நான் கேட்டப்ப உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. ஆனா நீ படிச்சப்ப எனக்கே சந்தேகம் வந்துது. எழுதினேனா இல்லையான்னு ஞாபகத்துக்கு வரல. அதுக்குள்ள நெட்டை எழுந்துட்டான். அவன் கணக்கு போடப் போட எனக்கு நிம்மதியா இருந்துது. கணக்கே சொல்லுதே, தானா நடந்ததுதான்னு."

"வீட்டுல தொறந்து பாத்ததுக்கு அப்புறம்?"

அக்கா சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

"நான் மன்னிப்புக் கேட்டேன் அக்கா. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் இங்க வந்து நின்னப்ப, எனக்குச் சாக்பீஸ் எடுத்துக் குடுத்தீங்க."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ மன்னிப்புக் கேட்டுட்ட. அதுக்கு மேல எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. சீட்டப் போட்டாச்சு, இனி எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன்." புதுச் சீட்டைத் தொட்டு, "இந்த வாரமே விழும்னு நெனக்கல. புதுத் தாளு, வெறப்பா நின்னிருக்கும், அவன் கைக்கு அதுதான் மொதல்ல தட்டுப்பட்டிருக்கும்" என்றாள்.

"அப்ப இந்தக் கணக்கு? நெட்டை மொகத்தச் சுளிச்சானே?"

அக்காவின் முகம் சிவந்தது. "எப்ப விழுந்தாலும் உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு, இனிமே கொஞ்ச நாளைக்கு லேசானதா எழுதலாம்னு…"

சீட்டைக் கண்டபோது வராத கோபம் இப்போதுதான் வந்தது. மறதியை மன்னித்துவிடலாம். பயத்தைக்கூட மன்னித்துவிடலாம். இந்த இரக்கத்தை என்ன செய்வது? "தாழ்வாரத்துல 'அவ பாவம், இப்ப வேண்டாம்'னு நெட்டைகிட்ட சொன்னீங்களே, அதுவும் என்னப் பத்தித்தானா?"

அக்கா புரியாமல் விழித்தாள். நினைவு வந்ததும், "ஐயோ, அது என் தங்கச்சி. பரீட்சைல தவறிட்டா. அவளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறேன்னு நெட்டை கேட்டான்" என்றாள்.

அதை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நம்பத் தோன்றியது. ஆனால் போன வாரமும் இப்படித்தான் தோன்றியது.

"அடுத்த வியாழன் நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்றாள். "நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்" என்றாள் அக்கா.

அந்த ஒரு வாரம் அவளுக்கு முள் மேல் இருப்பது போல இருந்தது. அக்கா சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தாள். உடம்பு சரியில்லை என்பாள். பேராசிரியர் கூப்பிட்டார் என்பாள். இல்லையென்றால் அதற்கு முன்னாலேயே ஒவ்வொருவரிடமாகத் தனித்தனியே பேசி, கதையைத் தன் பக்கம் சாய்த்து வைத்திருப்பாள். புதன்கிழமை உணவுக்கூடத்தில் ஸ்வெட்டர் வழக்கத்தைவிட அன்பாகச் சிரித்தபோது, 'இவனிடம் சொல்லிவிட்டாள்' என்று நினைத்தாள். அவனுக்கு ஒன்றுமே தெரியாது என்பது பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை அக்கா எல்லோருக்கும் முன்னாலேயே வந்திருந்தாள். பலகையில் கணக்கு எழுதவில்லை. எல்லோரும் உட்கார்ந்ததும் நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. சீட்டு எழுத மறந்தது, கூட்டம் முடிந்து வீட்டில் கண்டுபிடித்தது, மறைத்துப் புதிதாக எழுதிப் போட்டது, கணக்கை லேசாகப் பொறுக்கியது. கடைசியில், "அவ கேட்டது சரியான கேள்வி. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது நான்" என்றாள்.

பிறகு ஸ்வெட்டர் மெல்ல, "அப்ப அவ பேரு வராததுக்கு வாய்ப்பு நூத்துக்கு நூறு" என்றான். ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நெட்டைதான் ரொம்ப அடிபட்டவன் போல இருந்தான். நாற்காலியில் முன்னும் பின்னும் நெளிந்தான். "ஆனா நான் போட்ட கணக்குல தப்பில்ல" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

"தப்பே இல்ல" என்றாள் அவள். "நான்கூட அத நம்பித்தான் மன்னிப்புக் கேட்டேன்."

கூட்டம் முடிந்து அவள் படியிறங்கும்போது நெட்டை பின்னால் ஓடிவந்து, இரண்டு படி கீழே நின்று, அப்போதுதான் முகம் நேருக்கு நேர் வருகிற மாதிரி, "அன்னிக்கு நான் சிரிக்க வெச்சிருக்கக் கூடாது" என்றான். அவள் தலையாட்டினாள். அவன் சொன்னதில் எதையும் ஒளிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பல வாரத்தில் முதல் தடவையாக, தோன்றியதை அவள் மறுபடி உரசிப் பார்க்கவில்லை.

அக்காவோடு அது அவ்வளவு சுலபமாக ஆறவில்லை. செயலாளர் பொறுப்பை விடுகிறேன் என்று அக்கா சொன்னபோது மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். அவள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் அக்காவுக்குப் புரிந்தது. பொறுப்பு ஸ்வெட்டரிடம் போயிற்று. சில வாரங்கள் அக்கா உட்காருகிற மேசையைத் தவிர்த்து அவள் மற்ற மேசையில் உட்கார்ந்தாள். கணக்குகள் மறுபடி கடினமாயின. இரண்டாம் முறை அவள் பெயர் விழுந்தபோது இருபது நிமிடமும் திணறினாள். பத்தாவது நிமிடத்தில் அக்கா பின்வரிசையிலிருந்து, "அந்த மூணாவது வரி தப்பு. எப்படி வந்துது?" என்று கேட்டாள், ஈவு இரக்கமில்லாமல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "தப்பில்ல" என்றாள். "அது எப்படித் தப்புன்னு நீங்க இங்க வந்து காட்டுங்க."

அக்கா எழுந்து வந்தாள். இருவரும் ஒரே சாக்பீஸை மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டு, நேரம் போனது தெரியாமல், அந்த மூன்றாவது வரிக்காகச் சண்டை போட்டார்கள். வரி தப்புத்தான்.